இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவள்

ஏப்ரல் 15

இன்று முதல் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அரசாங்கம் அறுபத்தொரு நாள் கடலைப் பூட்டி வைத்துவிடும். படகுகள் எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு துறைமுகத்தில் கிடக்கின்றன. படகு போகாவிட்டால் ஏலம் இல்லை. ஏலம் இல்லாவிட்டால் என்னைப் போலத் தெருத்தெருவாக மீன் விற்கிறவளுக்கும் வேலை இல்லை.

இந்த நோட்டை லில்லி வாங்கித் தந்தாள். என் மகள், கோயம்புத்தூரில் நர்ஸ். "ஒரு நாளைக்கு ஒரு வரியாவது எழுதும்மா. நீ யார்ட்டயும் பேச மாட்டேங்க" என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் எழுத்து மறக்கவில்லை. கோயிலில் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடுகிறவள்தானே.

அவர் போய் இன்றோடு ஐம்பத்து நாலு நாள். நாங்கள் இரண்டு பேரும் வண்டியில் போகும்போது லாரி மோதியது. அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதப் போவதில்லை.

இன்று செய்த வேலை: மீன் பெட்டி, தராசு, அருவாமனை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன்.

ஏப்ரல் 16

வேலை நாள் பழக்கத்தில் விடிகாலை மூணு மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. எழுந்து என்ன செய்ய? திரும்பப் படுத்தேன்.

காலை பத்து மணிக்கு எங்கள் அடுக்களை ஜன்னல் வழியாக வெயில் வந்து தண்ணீர்க் குடத்தின் மேல் விழுகிறது. பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். போன தடைக்காலங்களில் கூட வலை தைக்க, கருவாடு காயப்போட என்று வெளியே போய்விடுவேன். பத்து மணி என் வீட்டில் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20

ஈஸ்டர். பூசைக்குப் போனேன். எல்லாரும் என் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். ஒரு கை போதாது போலிருந்தது.

மத்தியானம் சோறு தின்றுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினேன். முழித்தபோது எந்த நாள், எந்த நேரம் என்று தெரியவில்லை. அவரிடம் நேரம் கேட்கத் திரும்பினேன்.

ஏப்ரல் 21

மெட்டில்டா அக்கா வந்தாள். அவளும் என்னை மாதிரி மீன் விற்கிறவள்தான். ஆனால் அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். புருஷன் குடித்துவிட்டுக் கிடந்த காலத்திலேயே பழகிவிட்டாள். பிப்ரவரியில் இருந்து என் தெருக்களையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆசிரியர் காலனியில் எனக்கு நாற்பத்திரண்டு வாடிக்கை வீடு.

"ஏட்டி புஷ்பம், ஒரு காரியம் பேசணும். தடை முடிஞ்சதும் ஒந்தெருவுக்கு நீ வாரியா, இல்ல நானே வச்சுக்கிடட்டுமா?"

"எப்பிடிக்கா வர? வண்டி ஓட்ட ஆளு இல்லல்லா."

"வண்டி கெடக்கு. ஆளு நீ கெடக்க. ரெண்டும் சும்மாதான் கெடக்கு."

முற்றத்தில் படுதா போட்டு மூடி வைத்திருக்கிற அவருடைய எக்செல் மொபெட்டைக் காட்டினாள். அன்றைக்கு அதற்கு முன் மட்கார்டு மட்டும்தான் வளைந்தது. ஒர்க்‌ஷாப்பில் தட்டி நிமிர்த்திக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

"மீன் பெட்டியோட பஸ்ஸுல ஏத்த மாட்டான். தலச்சுமையா ஏழு கிலோமீட்டர் நடக்க ஒனக்கு முட்டு தாங்காது. ரெண்டு மாசம் ஓய்வு கெடச்சிருக்கு. இத விட்டா வண்டி படிக்க நேரம் கெடைக்காது. நாம்படிச்சுத் தாரேன்."

"நான் படிச்சிட்டா ஒனக்குத்தானக்கா நஷ்டம்? நாப்பத்திரண்டு வீடு."

"ஆமா. அதனாலதான் சொல்லுதேன், ஜூன் பதினாலு வரைக்குந்தான் டைம். அதுக்கு மேல தெரு எனக்கு. பெறவு வந்து மூக்கச் சீந்துனா நான் கெட்டவளாயிருவேன். இப்பமே சொல்லிட்டேன்."

ஏப்ரல் 22

படுதாவை எடுத்தேன். சீட்டுக்கு அடியில் பூனை குட்டி போட்டிருந்த அடையாளம். இப்போது பூனை இல்லை. மீன் வராத வீட்டில் அதற்கு என்ன வேலை.

ஏப்ரல் 24

எல்.எல்.ஆர். போட்டாயிற்று. கம்ப்யூட்டரில் படம் காட்டிக் கேட்டார்கள். பத்துக்கு எட்டு சரி. முன்னால் எழுதிய காலேஜ் பையனுக்கு ஆறுதான் வந்தது. அக்கா ஆபீஸ் வாசலிலேயே எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "அஞ்சாம் கிளாஸுக்கு எட்டு மார்க்கு!" எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

லில்லியிடம் போனில் சொன்னேன். மார்க்கைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, "அந்த வண்டியவாம்மா ஓட்டப் போற?" என்றாள். "வேற வண்டிக்கு எங்க போக?" என்றேன். "நீ இங்க வந்துரும்மா. போதும்மா மீன் வேல. வந்து நிம்மதியா இரு."

நிம்மதியாகத்தான் இருக்கிறேன். அவளிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஏப்ரல் 28

கோயில் பள்ளிக்கூடம் லீவு. மைதானம் காலியாகக் கிடக்கிறது. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை பழக்கம்.

நேராக ஓட்டுவது ஒரு நாளில் வந்துவிட்டது. இடப்பக்கம் திரும்புவதும் வந்துவிட்டது. வலப்பக்கம் திரும்பினால் விழுகிறேன். நாலு தடவை திரும்பினேன். நாலு தடவையும் விழுந்தேன்.

"ஏன்டி ஒடம்ப இடப்பக்கமே சாய்க்க?" என்று கத்தினாள் அக்கா.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதினெட்டு வருஷம் அவர் பின்னால் சேலையோடு ஒருக்களித்து, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு, மடியில் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள். என் முதுகெலும்பே அப்படி வளர்ந்திருக்கும்.

மே 1

முட்டியில் மஞ்சள் பற்று. இன்று விழவில்லை.

மே 4

கையில் மீன் வாடை போய்விட்டது. சாப்பிடும்போதுதான் கவனித்தேன். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாத வாடை. இப்போது தானாகவே போய்விட்டது. குதிகால் வெடிப்பும் மூடிவிட்டது. தலைக்கு எண்ணெய் வைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் குளித்தேன். உடம்பு தன் பாட்டுக்கு ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டு வருகிறது. என்னிடம் கேட்கவே இல்லை.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் படகுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இந்த இரண்டு மாதம் பெயின்ட் அடிக்கிற காலம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 9

இன்று முதல் முறையாக ரோட்டில் ஓட்டினேன். அக்கா அவள் வண்டியில் முன்னால் போனாள். நான் பின்னால்.

ஒரு அதிசயம். பெட்ரோல் பங்குக்கு நேர் எதிரே மரக்கடை இருக்கிறது! இரண்டையும் எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். எதிரெதிரே இருக்கிறது என்று தெரியாது. போகும்போது இடப்பக்கம் பங்கு வரும். வரும்போது இடப்பக்கம் மரக்கடை வரும். இரண்டும் வேறு வேறு இடம் என்றே இருந்துவிட்டேன். அதே மாதிரி மாதா கெபிக்கு எதிரே டாக்டர் வீடு. ரோடு என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான் என்று நாற்பத்து மூணு வயதில் கண்டுபிடித்திருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "வலப்பக்கம் பாக்காமலே ஒரு பொம்பள பதினெட்டு வருசம் ஊர் சுத்தியிருக்கா பாரு!"

நானும் சிரித்தேன். கொஞ்சம் கழித்துத்தான் சிரிப்பு நின்றது.

பால்பண்ணை முக்குக்கு முன்னாலேயே திரும்பிவிட்டோம். பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று சொன்னேன்.

மே 13

இன்றும் முக்கு வரைக்கும் போகவில்லை. வெயில்.

மே 16

போகவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

மே 20

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வண்டிச் சத்தத்தில் நான் சொல்வது கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. முதுகில் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், வாடிக்கை வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போகலாம். வாயே திறக்காமல் நாற்பத்திரண்டு வீட்டிலும் வியாபாரம் முடித்துவிடுவோம். பார்க்கிறவர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைப்பார்கள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பருத்திச் சேலை இரண்டைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தேன்.

மே 28

லைசென்ஸ் ஆபீஸ் மைதானத்தில் வண்டியை வளைத்து எட்டு போட்டேன். கால் ஊன்றவில்லை. பாஸ்.

மே 29

லைசென்ஸ் தபாலில் வருமாம். எட்டு போட்டதைக் கொண்டாட அக்கா கோழி வாங்கி வந்தாள். மீன் இல்லாத ஊரில் எல்லாரும் கோழிக்கு மாறிவிட்டார்கள். தின்றுகொண்டே கேட்டாள்.

"லைசென்ஸும் வந்துரும். தடையும் முடியப் போவுது. இன்னும் ஏன் முக்கத் தாண்ட மாட்டேங்க? அதத் தாண்டாம ஆசிரியர் காலனிக்கு எப்பிடிப் போவ, பறந்தா?"

நான் அவள் தட்டில் இன்னொரு துண்டு எடுத்து வைத்தேன்.

"பாரு, தெரு எனக்குன்னா எனக்கு ஒண்ணும் கசக்காது. நீ வேணும்னுதான் இழுத்தடிக்க."

அப்போது சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதது. அன்றைக்கு நேரமாகிவிட்டது. வெயில் ஏறி மீன் நைந்துகொண்டிருந்தது. பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்கிற அந்த முக்கில் அவர் வண்டியை நிறுத்தினார். நான் என் பக்கம் பார்த்தேன். ரோடு காலி. முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். அவர் எடுத்தார். லாரி வலப்பக்கமிருந்து வந்தது.

அக்கா எலும்பைக் கீழே வைத்தாள். மெதுவாகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு அது தெரியாது.

"முன்னால இருக்கவன்லா பாக்கணும்? ஹேண்டில் பாரு அவன் கையில, பிரேக்கு அவன் கால்ல. நீ தட்டுனா? நீ தட்டுவ. இன்னாசியண்ணன் கண்ணு என்ன முதுகுலயா இருந்துச்சு?"

"அவரச் சொல்லாதக்கா."

"சொல்லத்தான் செய்வேன்."

"எந்திரிச்சுப் போக்கா."

போய்விட்டாள். கோழிச் சட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 31

தூங்கினேன். தூங்கினேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஜூன் 2

அவர் எவ்வளவு நிதானமான மனுஷன் என்று அக்காவுக்குத் தெரியாது. நாய் குறுக்கே வந்தால்கூட அதைத் திட்டாமல் நிறுத்திப் போகவிடுவார். என்னை மட்டும்தான் நம்பினார். அதுதான் தப்பா?

ஜூன் 5

லில்லி போன் பண்ணினாள். பதினைந்தாம் தேதிக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாள். ரெண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். கோயம்புத்தூரில் நல்ல காற்று. கொசு இல்லை. பேரக்குழந்தை பிறந்தால் தூக்கி வைத்துக்கொள்ளலாம். காலை பத்து மணி வெயில் அங்கேயும் ஜன்னல் வழியாக வரும்.

நான் அங்கே போனால் ஓய்வு முடியவே முடியாது. முடியாத ஓய்வுக்குப் பெயர் வேறு.

ஜூன் 7

அக்கா வீட்டுக்கு நானே போனேன். வாசலில் நைலான் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நாளைக்கு முக்குக்குப் போவோம்க்கா."

"எனக்கு வேல இருக்கு."

"என்ன வேல, தடைக்காலத்துல?"

"ஒந்தெருவுல விக்கதுக்குப் புதுசாப் பெட்டி வாங்கணும்" என்றாள். பிறகு, "ஆறு மணிக்கா, ஏழு மணிக்கா?" என்றாள்.

ஜூன் 8

இதைக் கவனமாக எழுத வேண்டும்.

அக்கா அவள் வண்டியை எடுக்கவில்லை. "ஒனக்குப் பின்னால இருக்கேன். நாளைக்குப் பெட்டி பாரம் வந்தா வண்டி எப்பிடி இழுக்கும்னு தெரியணும்லா? நான் ரெண்டு பெட்டிக்குச் சமானம்" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு, ஒருக்களித்து உட்கார்ந்தாள். வண்டி தணிந்தது. எடுத்தேன்.

முக்கு வந்தது. நிறுத்தினேன். காலை ஏழரை மணி, நல்ல வெளிச்சம். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

பின்னால் இருந்து அக்கா, "ஆளே இல்லட்டி. போ!" என்றாள்.

நான் போகவில்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது. ஹாரன் இல்லை, ஒன்றும் இல்லை. அது எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் நின்றேன். அதன் காற்றில் என் முந்தானை எழும்பி விழுந்தது. பிறகு இடப்பக்கம் பார்த்தேன். மறுபடியும் வலப்பக்கம் பார்த்தேன். தாண்டினேன்.

அந்தப் பக்கம் போய் நிழலில் வண்டியை நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை.

"நான் இந்தப் பக்கம்லா பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள், இடக்கையை நீட்டி. "ரோடு காலின்னுதான் சொன்னேன். சத்தியமா காலியாத்தாம்ட்டி இருந்துச்சு."

"தெரியும்க்கா. இந்தப் பக்கம் காலிதான்."

பதநீர்க்காரர் வந்தார். வாங்கிக் குடித்தோம்.

வேண்டுமென்றேதான் சொன்னாயா, என்னைச் சோதிக்கவா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "போட்டீ, பைத்தியக்காரி, என் உசுரும்லா அந்த வண்டில இருந்துச்சு" என்றாள்.

அக்கா சொன்னாள், நான் போகவில்லை. பின்னால் இருக்கிறவள் சொல்வாள். அவள் உட்கார்ந்திருக்கிற பக்கம்தான் அவளுக்குத் தெரியும். முன்னால் இருக்கிறவர் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்க்காமல் எடுத்துவிட்டார்.

இதை எழுத மனசு வரவில்லை. எழுதிவிட்டேன். எழுதின பிறகும் அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல் இருந்ததுதான் பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி இருக்கட்டும். அதைச் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கிறது.

ஜூன் 9

லில்லியிடம் சொல்லிவிட்டேன். டிக்கெட் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு நீ வா, வண்டியில் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்றேன். முதலில் அழுதாள். பிறகு, "ஹெல்மெட் போடும்மா" என்றாள். மகள் சம்மதிக்கிற விதம் அது.

ஜூன் 12

தனியாக முக்கைத் தாண்டி ஆசிரியர் காலனி வரைக்கும் போய் வந்தேன். மூணு தடவை.

மிச்சம் இருக்கிற நாளை வீணாக்கக் கூடாது என்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 15

நேற்றோடு தடை முடிந்தது. ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஞாயிறு படகு போகாது. கடவுள் ஒரு நாள் கூடுதலாகத் தந்திருக்கிறார். படகு மந்திரிக்கப் பங்குச்சாமி வந்தார். எல்லாப் படகிலும் புதுப் பெயின்ட், கொடி, பூமாலை. நான் ஒன்றுமே செய்யாமல் சாயங்காலம் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை போலிருக்கிறது.

ஜூன் 17

நேற்று சாயங்காலம் ஏலத்தில் ஊளி, நகரை, கொஞ்சம் சாளை எடுத்தேன். ஐஸ் போட்டு வைத்துவிட்டுக் காலையில் புறப்பட்டேன். நேற்று ஏலக்கூடத்திலேயே மெட்டில்டா அக்கா, "ஏட்டி, ஒன் வாடிக்கையில ஒரு வீடு கொறஞ்சிருந்தா எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது, எல்லாத்தையும் எண்ணித்தான் ஒப்படைக்கேன்" என்றாள். பிறகு என் பெட்டியின் கயிற்றை இழுத்துப் பார்த்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

முக்கில் நின்றேன். பார்த்தேன். போனேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

முதல் வீட்டுக்காரம்மா கையைத் தட்டினார். மூணாவது வீட்டில் விலை ஜாஸ்தி என்றார்கள். ஏழாவது வீட்டில் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் இன்னொரு பெரிய பாத்திரம் எடுத்து வந்தார். எல்லாருக்கும் விஷயம் தெரியும். பிப்ரவரியிலேயே அக்கா சொல்லிவிட்டாள். அதனால் யாரும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசித் தெருவில் கோமதி டீச்சர் வீடு. ரிட்டயர்டு டீச்சர். மகளுக்குப் பிரசவம் என்று ஜனவரியில் பெங்களூர் போனவர், போன வாரம்தான் வந்தாராம். கேட்டைத் திறந்துகொண்டு வந்து வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்ன புஷ்பம், நீயே ஓட்டிட்டு வந்துட்ட! உன் வீட்டுக்காரர் எங்க? வண்டிய உன்கிட்ட குடுத்துட்டு டீ குடிக்க உக்காந்துட்டாரா?"

நாலு மாதமாக அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. மற்றவர்கள்தான் எனக்காகச் சொன்னார்கள்.

"அவரு செத்துப் போயிட்டாரு டீச்சர்" என்றேன். "பெப்ரவரில."

டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, எப்படிம்மா?"

"லாரி. பால்பண்ணை முக்குல. நானும் பாக்கல, அவரும் பாக்கல டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் பெட்டியைத் திறந்து ஐஸைத் தள்ளி, நல்ல ஊளியாக ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். செவுளைப் பிரித்துக் காட்டினேன், ரத்தச் சிவப்பு. அருவாமனையைத் தரையில் போட்டு உட்கார்ந்தேன்.

"கொழம்புக்கா, பொரிக்கவா?"

"பொரிக்க" என்றார் டீச்சர். "துண்டு கொஞ்சம் கனமாப் போடு."

கனமாகவே போட்டேன்.